அடி விழாத நேரம்

பொறுமை கெட்டவள் என்று பெர்லின் முழுக்க எனக்குப் பெயர். வரிசையில் நிற்கமாட்டேன், சிக்னலுக்குக் காத்திருக்கமாட்டேன். ஆனால் கிளப்பில் பாட்டுப் போடும் மிக்ஸர் முன்னால் நின்றுவிட்டால் என்னைப்போல் அடக்கிவைக்க ஆள் கிடையாது. ஹார்ட் டெக்னோ நடன இசையில் டிரம்மை இடி மாதிரி அடிப்பது எந்தக் கழுதைக்கும் வரும். அந்த அடியை நிறுத்திவைத்து, வெறும் இரைச்சலை மட்டும் ஓடவிட்டு, ஆடுகிறவர்கள் வயிற்றில் புளியைக் கரைப்பதுதான் வித்தை.

அப்படி ஒரு பாட்டை நானும், என்னோடு சேர்ந்து பாட்டுப் போடும் ஹென்னிங்கும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தோம். நடுவில் அடி நின்றுவிடும். இதோ வருகிறது என்று தோன்றும் இடத்திலெல்லாம் வராது. அந்தக் காத்திருப்புதான் பாட்டே. பழைய கொதிகலன் ஆலையில் இருக்கும் எங்கள் கிளப்பில், ஞாயிறு மதியம், இருவரும் சேர்ந்துதான் முதலில் போடவேண்டும், அதுவரை யார் காதிலும் விழக்கூடாது என்று பேச்சு. அவனைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யாரும் இல்லை.

ஞாயிறும் வந்தது. அடியை நிறுத்தினேன். கூட்டம் தவிக்க வேண்டும். தவிக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே பாட்டின் ஒரே இடத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போயின. அங்கே நான் எதையும் வைத்திருக்கவில்லை. அடி வராததும் கைகள் அசடு வழிய இறங்கின.

முன்னால் கைவிசிறியோடு ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி மேடையில் சாய்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"இது இப்படி வராதுங்க. ஹென்னிங் போட்டா இங்கயே விழும். தெரியலன்னா அவர்கிட்ட விட்டுடுங்க."

எனக்குச் சொல்கிறாள், என் பாட்டை! அவன் பக்கம் திரும்பினேன். ஹெட்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா போட்ட?"

"ராட்டர்டாம்ல. அப்புறம் ரெண்டு மூணு இடம். நடுவுல கொஞ்சம் வெட்டிட்டேன் இல்கா. அவ்ளோ நேரம் எவன் காத்திருப்பான்?"

கொஞ்சமாம், பாவி. அதை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆனாலும் அடியைத் திறக்கவில்லை. இரைச்சலை இன்னும் இறுக்கினேன். மெல்ல மெல்லக் கூட்டம் என் வழிக்கு வந்தது. பேச்சு நின்றது. கண்ணை மூடி நின்றவர்களும் உண்டு. இன்னும் கொஞ்சம்தான்.

அவன் கை என் கையைத் தாண்டி நீண்டு அடியைத் திறந்துவிட்டது.

கூட்டம் வெறிபிடித்துக் குதித்தது. ஹென்னிங் என் தோளில் கைபோட்டுச் சிரித்தான்.

"பாத்தியா? நம்ம பாட்டு!"

"நம்மளுது இல்லடா. இது உன்னுது."

அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.