மஞ்சளே அடிச்சிடு

லொரெட்டா கணவரின் தலையணையை உயர்த்திக்கொண்டிருந்தபோது, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஆர்வின் சொன்னார்: "மஞ்சளே அடிச்சிடு."

தலையணை அவள் கையிலிருந்து நழுவியது.

அந்தச் சுவரில் இரண்டு பெயின்ட் கட்டங்கள் இருந்தன. வெண்ணெய் மஞ்சள் அவள் பூசியது. பைன் மரப் பச்சை அவர் பூசியது. சாம்பிள் பூசி, காலை வெளிச்சத்தில் ஒரு தரம், மாலை வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு முடிவு செய்வது சுப்பீரியர் ஏரிக்கரையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இவர்கள் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு மதியம் தாண்டாது என்று நர்ஸ் ஜோலின் காலையிலேயே சொல்லியிருந்தாள். லொரெட்டா அப்போது நம்பவில்லை. இப்போது நம்பினாள். நாற்பத்தாறு வருடத்தில் அவர் அவளோடு ஒத்துப்போனதே இல்லை. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்குக்கூட "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். இன்று ஒத்துப்போகிறார் என்றால், கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

"இல்ல, பச்சைதான் நல்லாருக்கு," என்றாள் அவசரமாக.

ஆர்வின் ஒரு கண்ணைத் திறந்தார். "பச்சையா? தவளை வயித்துக்குள்ள படுத்த மாதிரி இருக்கும்."

"நீதானே கிழவா பூசுன!"

"எனக்குக் கண்ணு சரியில்ல. கட்டினவளப் பாத்தாலே தெரியல?"

அவர் கன்னத்தில் லேசாக நிறம் ஏறியது. மதியம் தாண்டியது.

லொரெட்டா விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்டாலே ஆகாத அந்தப் பச்சைக்காக மணிக்கொரு தரம் வக்காலத்து வாங்கினாள். அவர் விடாமல் மஞ்சளுக்கு வாதாடினார். வெள்ளி கழிந்தது. சனியும் கழிந்தது. துக்க வீட்டுக்கென்று பக்கத்து வீட்டார் முன்கூட்டியே சமைத்துக் கொண்டுவந்த கேசரோல் பதார்த்தத்தில் ஆர்வின் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, உப்பில்லை என்றார்.

ஞாயிறு காலை அவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"கதவுக்கும் பச்சையே அடிச்சிடலாம்," என்றாள் லொரெட்டா.

அவர் காதருகே குனிந்தாள்.

"சீலிங்குக்கும். கேக்குதா?"

ஜோலின் அருகில் வந்து, அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு நேரத்தைக் குறிக்கப் பேனாவை எடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் லொரெட்டா, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பதில் வரும்."

ஜோலின் பேனாவை மூடினாள். ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப்போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.