பெஞ்சில் உட்கார்ந்தாள் எல்லம்மா

முனிரத்தினத்துக்குக் கீழ்க்கட்டளையில் வெல்டிங் பட்டறை. ஆயுத பூஜையன்று சுத்தியல், டிரில், கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். கூடவே மகள் எல்லம்மாவின் நாற்காலியையும் நடுவில் தூக்கி வைத்துப் பொட்டு இட்டான். அவனே செய்த இரும்பு நாற்காலி. இரண்டு பக்கமும் தடுப்பு, இடுப்புக்கு பெல்ட்.

எல்லம்மாவுக்கு ஐந்து வயது. மூளை வாதம் என்றார்கள். கால்கள் விறைத்துக்கொள்ளும், உட்கார்ந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். தாம்பரத்தில் பிசியோதெரபி கொடுக்கும் சாவித்ரி வாராவாரம் ஒன்றையே சொன்னாள்: "சாஞ்சா பிடிக்காதீங்க. அவளே கையை ஊன்றக் கத்துக்கணும்." யாரும் கேட்கவில்லை. குழந்தை லேசாக அசைந்தாலே அப்பனும் ஆத்தாளும் பாய்ந்து பிடித்தார்கள். நாற்காலி வந்தபின் அந்த வேலையை நாற்காலி பார்த்துக்கொண்டது.

மறுநாள் விஜயதசமி, பள்ளியில் சேர்க்கும் நாள். நாற்காலியோடு வந்தால் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் வேதசிரோமணி சொல்லியிருந்தார். அவன் மனைவி தனம் காலையில் நாற்காலியை எடுக்கப் போனாள்.

"தொடாத. மறுபூஜை ஆவணும்" என்றான் புருஷன்.

"அது எப்போ?"

"நல்ல நேரம் பதினொண்ணுக்கு."

"இஸ்கூலு பத்து மணிக்கே மூடிடுவாங்க! நாற்காலிய இன்னாத்துக்குய்யா ஆயுதத்தோட வெச்ச?"

"அதுவும் நான் வெல்டு வெச்ச இரும்புதான?"

"அப்ப ஜன்னல் கம்பியையும் கழட்டி வெச்சிருக்கணும்."

சாமி விஷயத்தில் அவன் மசிய மாட்டான். தனம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவன் பின்னால் ஓடினான்.

"நாற்காலி எங்க?" என்றார் வேதசிரோமணி.

"பூஜைல கீது சார்."

"சரி, பெஞ்சுல உக்காரட்டும். தானா உக்காந்தா சேத்துக்கறேன். விழுந்தா அடுத்த வருஷம். யாரும் பிடிக்கக் கூடாது."

உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு குண்டுப் பையன், பிரித்து வைத்த மிட்டாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். எல்லம்மா அவன் பக்கமாக மெல்லச் சாய்ந்தாள். முனிரத்தினம் பாய்ந்தான். தனம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது.

"சும்மா கெட!"

எல்லம்மா இன்னும் சாய்ந்தாள். மடங்கியிருந்த கை விரிந்து பெஞ்சில் பட்டென்று ஊன்றியது. உடம்பு நின்றது. தள்ளாடி நிமிர்ந்தாள். அவளுக்கு அது பிடித்துவிட்டது. வேண்டுமென்றே மறுபடி சாய்ந்தாள், ஊன்றினாள், கெக்கெக்கென்று சிரித்தாள். அடுத்த தடவை கை மிட்டாய் மேல் இறங்கியது.

"சார்! இவ என் முட்டாய நசுக்கிட்டா!"

"நசுக்கட்டும். இனிமே உன் பக்கத்துலதான் உக்காருவா, பழகிக்கோ" என்றார் வேதசிரோமணி. பிறகு தனத்திடம் குழந்தையின் முழுப் பெயரைக் கேட்டார்.