மூன்றாவது வரியில் பிழை

அண்ணனுக்குப் பார்வை முழுதாகப் போனபோது, ரஸ்ட் என்ற நிரல் மொழியில் அவன் எழுதிவந்த திரை வடிவமைப்புக் கருவி பாதியில் நின்றது. பட்டன், பெட்டி என்று திறந்து மூடும் டேக் குறிகளாக எழுதுவதைப் படித்து நிரலாக மாற்றும் மேக்ரோ என்ற பகுதிதான் பாக்கி. பிழை வந்தால் அது திரையில் அம்புக்குறி போட்டு இடத்தைக் காட்டும்; எழுத்தை வாசிக்கும் கம்ப்யூட்டர் குரலால் அந்த இடத்தைச் சொல்ல முடியாது. பத்து மாதமாக நான் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துச் சொல்ல, அவன் வேலையைத் தொடர்ந்தான்.

பிறகு, இடத்தை வார்த்தையிலேயே சொல்லும்படி டேக்குகளைப் படிக்கும் பார்சரை மாற்றி எழுதினான். நேற்று மத்தியானம் வேண்டுமென்றே ஒரு டேக்கை மூடாமல் ஓட்டிப் பார்த்தான்.

"மூன்றாவது வரியில் திறந்த பட்டன் மூடப்படவில்லை" என்று கம்ப்யூட்டர் வாசித்தது.

"இதுக்கு வாய் முளைச்சிடுச்சு. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றான் அண்ணன்.

"எனக்கென்ன தொந்தரவு" என்றேன். எழுந்து போக மனம் வரவில்லை.

அவன் பிழையைத் திருத்தினான். திரையில் பட்டன் வந்தது.

"என்ன கலர்ல இருக்கு?"

"நீலம்ணா."

"எந்த மாதிரி நீலம்?"

"ஸ்கூலுக்கு நீ போட்டுட்டுப் போவியே, அந்த ஸ்வெட்டர் மாதிரி."

அவன் முகத்தைத் திரைக்குச் சற்று இடப்பக்கமாகத் திருப்பினான்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.