ஆறாவது நிறுத்தத்தில் பஸ் நிற்காது

குடியுரிமைத் தேர்வில் பஸ் டிரைவர் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். அவர் குடியேறிய நாட்டில் அரசியல் சட்டத் திருத்தங்கள் மொத்தம் இருபத்தொன்று. அதிகாரி வாய்மொழியாக மூன்று கேள்வி கேட்பார். ஐந்து நிமிடத்துக்குள் மூன்றுக்கும் சரியாகச் சொல்ல வேண்டும். இந்த முறையும் தவறினால், அடுத்த மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

முதல் முயற்சியிலேயே தேறிவிட்ட மனைவி, இஸ்திரி போட்டபடி ஆறுதல் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க. ஏர்போர்ட்ல நானும் பாப்பாவும் எங்க வரிசையில போயிடுவோம். நீங்க வெளிநாட்டுக்காரங்க வரிசையில நின்னு மெதுவா வாங்க."

"நக்கலா? இந்தத் தடவை பாரு."

அவர் ஓட்டும் தடத்தில் நிறுத்தங்களும் இருபத்தொன்று. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு திருத்தமாக இறக்கி வைத்தார். வெறும் எண் மனதில் தங்காது. பழகிய இடத்தோடு கட்டிப்போட்டால் ஓடாது. முதல் நிறுத்தம் சந்தை. அங்கே யார் வாயையும் யாரும் அடைக்க முடியாது, ஆகவே பேச்சுரிமை. நான்காவதில் கேட்டைத் தொட்டாலே பாயும் நாய். உத்தரவில்லாமல் வீட்டைச் சோதனை போடக் கூடாது. ஒன்பதாவது ஒருவழித் தெரு, திரும்பும்போது பஸ் அந்தப் பக்கம் வராது. ஒரே குற்றத்துக்கு இரண்டாவது விசாரணை கிடையாது. பதினோராவதில் மட்டும் வெறும் மதில் சுவர். அந்தத் திருத்தம் எதிலும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு டிப்போ ஒரு உதவி செய்தது. ஆறாவது நிறுத்தத்தை ரத்து செய்தார்கள். அறிவிப்பை அறிவிப்புப் பலகையில்தான் ஒட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தடத்தில் பலகை இருப்பதோ பதினாறாவதில் மட்டும். அங்கேயே ஒட்டினார்கள். ஆறாவதில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பதினாறாம் திருத்தத்தின் வேலையே ஆறாவதை ரத்து செய்வதுதான்! டிரைவர் அந்த அறிவிப்பைக் கும்பிடாத குறை.

முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "அடுத்து, உத்தரவில்லாம வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று பஸ் முழுக்க ஒலித்தது. நாய் வீட்டு நிறுத்தத்துக்காரர்கள் நால்வர் பையோடு எழுந்தார்கள்.

தேர்வன்று அதிகாரி அம்மா தாமதமாக, வியர்த்து விறுவிறுத்து வந்தார். மஞ்சள் குடையை மூலையில் சாய்த்தார்.

"பதினாலாவது திருத்தம்?"

டிரைவர் கண்ணை மூடி டிப்போவிலிருந்து கிளம்பினார். வலது கால் தரையை அழுத்தியது.

"என்ன பண்றீங்க?"

"சிக்னல் மேடம். இதோ, விழுந்துடும்."

பதினான்காவது கல்லூரி. "பதினெட்டு வயசுல ஓட்டு!" இரண்டு நிமிடம் போயிருந்தது.

"ஒன்பதாவது?"

ஒன்பதாவது பின்னால் அல்லவா இருக்கிறது! நடுரோட்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்க முடியாது. திரும்பும் தடத்திலும் அது வராது. கடைசி நிறுத்தம் போய், சுற்றிவந்து, மறுபடி கிளம்ப வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாகச் சிக்னல்களை மதிக்காமல் பறந்தார்.

"ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை விசாரிக்கக் கூடாது!" அவருக்கு மூச்சு வாங்கியது. மீதி முக்கால் நிமிடம்.

"ஆறாவது இப்போ அமல்ல இருக்கா?"

மறுபடியும் பின்னால்! கதை முடிந்தது என்று நினைத்தபடியே வண்டியை முன்னால் விட்டார். பதினாறாவதில் அறிவிப்பு கண்ணில் பட்டது.

"இல்ல மேடம்! ஊருக்கு ஊர் போக அனுமதிச் சீட்டு வேணும்கிறதுதான் ஆறாவது. பதினாறாவது அதை ரத்து பண்ணிடுச்சு. புத்தகத்துல அப்படியே இருக்கும், யாரும் கிழிக்க மாட்டாங்க, ஆனா செல்லாது. எங்க ஆறாவது ஸ்டாப் மாதிரி. மருந்துக்கடை எதிர்ல கம்பம் இருக்கு, பேர் இருக்கு, பஸ் மட்டும் நிக்காது."

அதிகாரி முத்திரையை எடுத்தார். அது பாதியிலேயே நின்றது.

"மருந்துக்கடை எதிர்லயா? பத்து நாளா நான் அங்கதானே நிக்கிறேன்! குடையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றேன், கண்டுக்காமலே போறான் ஒருத்தன். யார் அது?"

டிரைவர் மூலையில் இருந்த மஞ்சள் குடையைப் பார்த்தார். கண்ணாடியில் தினமும் பின்னால் ஓடிவந்து சிறுத்துப்போகும் அதே குடை. டிப்போவிலிருந்து கிளம்பாமல், எந்த நிறுத்தத்தையும் தொடாமல், பதினோராவது தானாக நாக்கில் வந்து நின்றது.

"தனக்கு எதிரா சாட்சி சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது மேடம். பதினோராவது திருத்தம்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜை அதிர முத்திரை விழுந்தது.

"தேர்ச்சி. எந்த ஸ்டாப்ல நிக்கணும்னு சொல்லிட்டுப் போய்யா."