வெர்னாவுக்காகத் தைத்த உடை

புற்றுநோயால் என் தங்கை வெர்னாவின் இடது மார்பை எடுத்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அக்குள்வரை வெட்டியிருந்தார்கள். அதற்கு முன் சாண்டா மோனிகா கடலில் அவளுக்கு ஈடுகொடுத்து நீந்த ஆண்களே திணறுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கடற்கரைக்கு வந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டாள்.

நான் அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நீச்சலுடைக் கம்பெனியில் டிசைனர். 1953ஆம் வருடம். மூன்று மாதம் மதிய இடைவேளைகளில் அவளுக்காக ஓர் உடை தைத்தேன். கழுத்து ஏறியிருக்கும், கை நுழையும் கைக்குழி தழும்பை மூடும். உள்ளே இடப்பக்கம் மட்டும் மெல்லிய ரப்பரில் ஒரு குமிழ், நனைந்தாலும் வடிவம் மாறாதபடி. அதைச் சரியாக்கப் பதினொரு தடவை பிரித்துத் தைத்தேன்.

முதலாளி லூபின் ஒருநாள் அதை எடுத்து, உள்ளே கைவிட்டு அழுத்திப் பார்த்தார்.

"ஆர்டித், இது என்னம்மா?"

தங்கையைப் பற்றிச் சொன்னேன்.

"அடப் பாவமே" என்றவர், அதே மூச்சில், "இதை ரெண்டு பக்கமும் வெச்சா? தட்டையா இருக்கிறவகூட சினிமாக்காரி மாதிரி தெரிவா!" என்றார்.

"கழுத்தும் கைக்குழியும் இப்படியே இருக்கட்டும் சார். அவளை மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்க."

"நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன்? கழுத்தை இறக்கு. தோள்பட்டியே வேணாம்."

மறுத்திருக்கலாம். இறக்கினேன். அளவெடுப்பதற்காக வெர்னாவின் உடையைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டார்கள். வேறொன்று தைத்துத் தருவதாக அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சீசன் வேலை என்னை விடவில்லை.

கோடையில் ஊரெங்கும் அந்தத் தோள்பட்டியில்லாத உடைக்கு விளம்பரம். ஒரு சனிக்கிழமை வெர்னா கடையிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, நீ சொன்ன ரப்பர் வெச்ச உடை வந்திருக்கு! உடனே வா."

நான் போய்ச் சேர்வதற்குள் அவள் அதைப் போட்டுப் பார்த்திருந்தாள். உடை மாற்றும் அறையின் திரையை விலக்கினேன். வலப்பக்கம் பிதுங்கிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் துணியின் விளிம்புக்கு மேல் தழும்பு, அக்குள்வரை சிவப்பாக.

அவள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல உன் பேரு எங்கயாவது போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"நல்லவேளை" என்றாள். "வெளிய போ. நான் துணி மாத்தணும்."

திங்கட்கிழமை லூபின் எல்லோர் முன்னாலும் கைதட்டி என்னைப் பாராட்டினார். அடுத்த கோடைக்குக் கழுத்தை இன்னும் இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னார். பென்சிலை எடுத்து வரைய உட்கார்ந்தேன்.