மூன்று விழுக்காடு வளைவு

சோதனை மேசைமேல் விரிந்து கிடந்த துணியைக் கிட்டுசாமி நான்காம் முறையாகத் தடவிப் பார்த்தார். வெள்ளையும் நீலமுமாக ஓடிய கோடுகள், நடுவில் யாரோ விரலால் அழுத்தியதுபோலக் கீழே தொய்ந்திருந்தன.

"இந்த ரோலைத் தனியா எடுத்து வெய்யி கண்ணு. கோடு வளையுது" என்றார்.

ராயபுரத்தில் அவருடைய சிறிய பின்னலாடைக் கூடத்தில் ஏழு ஆண்டுகளாகத் துணி சரிபார்ப்பவள் அனுசுயா. சாத்தூர்ப் பக்கத்துக்காரி. ஓனர் என்பதற்காக ஒரு குறையை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"ஸ்கேலு வச்சுப் பாத்துட்டேன்யா. நூல் புடிச்சாப்ல நேராத்தான் இருக்கு."

"ஸ்கேலு வளைஞ்சிருக்கும்."

"இரும்பு ஸ்கேலுய்யா."

அவர் தலையைச் சற்றே இடப்பக்கம் திருப்பினார். தொய்வும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் பார்த்தார், அங்கும் கூடவே வந்தது. துணியில் இருக்கும் குறை துணியோடு கிடக்குமேயன்றி, பார்க்கிறவன் பின்னால் ஊர்ந்து வராது. நாற்பது ஆண்டுத் தொழிலில் இந்த எளிய உண்மையை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

"செரி, பாஸ் போடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்தவர் நிற்கவில்லை. இரும்புக் கதவின் கம்பிகளைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சன்னல் கம்பிகளைப் பார்த்தார். மின்கம்பத்தைப் பார்த்தார். நேராக நிற்க வேண்டியவை எல்லாம் அவர் பார்த்த இடத்தில் இடுப்பொடிந்து நின்றன.

இடக்கண்ணின் நடுப்பகுதி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. வயதானவர்க்கு விழித்திரையின் மையம் கெட்டு, அங்கே நீர் கசியும் நோய். மூக்குக் கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று அவர் அலைந்த ஆறு மாதத்தில் அந்தக் கண் தழும்பாகிவிட்டது. அதனால் ஒருவரைப் பார்த்தால் காதும் தோளும் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் புகை இருக்கும். 2008 சித்திரையில் வலக்கண்ணிலும் நீர் கசிந்தது. கோவையில் விழிக்குள்ளேயே ஊசி போட்டார்கள். முதல் மூன்று ஊசியில் நீர் வற்றியது. பிறகு திரும்பி வந்தது. கடைசியாக, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் போட்ட மூன்று ஊசிகளும் ஆற்றில் கரைத்த புளியாயின. இனி இந்தக் கண்ணின் நடுவும் போனால், கூடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் அவர் குரலைக் கேட்டுத்தான் ஆளை அறிய வேண்டும்.

வியாழக்கிழமை மருமகள் இந்துமதி கோவைக்குக் காரை ஓட்டினாள். அவிநாசி தாண்டும்வரை அவர் ஒவ்வொரு லாரியின் பின்பக்கத்தையும் ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டே வந்தார்.

"மாமா, கொஞ்சம் கண்ணை மூடிட்டு வாங்களே."

"மூடுனா தெரியாம போயிருமுங்கற பயத்துலதான் தொறந்து வெச்சிருக்கறன்."

கண் டாக்டரம்மா புதிதாக எடுத்த படத்தையும், கிட்டுசாமி கொண்டுவந்த நோட்டையும் அருகருகே வைத்துக்கொண்டார். கட்டம் போட்ட அட்டை ஒன்றைத் தினமும் காலையில் பார்த்து, கோடு வளைந்தால் உடனே வர வேண்டும் என்பதும், பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் என்பதும் முதல் நாளே சொல்லப்பட்டவை. நோட்டில் ஒரு நாள் விடாமல் எழுத்து இருந்தது.

"தினமும் பாஸ், பாஸ், பாஸ்னு போட்டிருக்கீங்க. அதை நம்பித்தானே ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசின்னு தள்ளிப் போட்டேன்? படத்துல தண்ணி குளம் மாதிரி நிக்குது. இந்த அட்டையை இப்பப் பாருங்க. தெரியறதை அப்படியே வரைங்க."

கிட்டுசாமி பென்சிலை வாங்கி, மிகுந்த கவனத்தோடு வரைந்தார். நடுக்கோடுகள் நான்கும் தொட்டில்போல் தொங்கின. வரைந்து முடித்து, ஒரு திருத்தம் செய்து, தாளை நீட்டினார்.

"அகலத்துக்கு வளைவு எத்தனைன்னு பார்த்தா, ரெண்டரை பர்சென்ட் இருக்குமுங்க. மூணு வரைக்கும் பாஸுங்க."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. இந்துமதிக்கு விளங்கியது, விளங்கியதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"கோடு போட்ட துணியிலீங்க டாக்டர், நூறு இஞ்சுக்கு மூணு இஞ்சு வரைக்கும் வளைஞ்சா துணி வாங்கற பையர் ஒத்துக்குவாங்க. மாமா அந்தக் கணக்கைக் கண்ணுக்கும் வெச்சிட்டாருங்க."



"உங்க கண்ணுக்கு பையர் யாருங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

கிட்டுசாமி சொல்ல இருந்த பதில் அத்தனையும் தொழிலுக்குப் பொருத்தமானதாகவும் கண்ணுக்குப் பொருந்தாததாகவும் இருந்தது.

"மொதல்ல எப்ப வளைஞ்சது?"

"ஆடி நோம்பிக்கு முன்னால இருந்துங்க. அப்ப அரை பர்சென்ட்டுதானுங்க." பிறகு, "அப்பவே வந்திருந்தா இந்த மருந்தே கேட்டிருக்குமுங்களா?"

"தெரியாது. கேட்காமலும் போயிருக்கலாம். உங்க தப்பு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அது மட்டுந்தான் காரணம்னும் சொல்ல மாட்டேன்."

அன்றே கை நரம்பில் பச்சைச் சாயம் ஏற்றி வேறொரு படம் எடுத்தார்கள். அதில் காரணம் தெரிந்தது. விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய்கள் திராட்சைக் கொத்துபோலப் புடைத்திருந்தன. ஊசி மருந்து கசிவை அடக்குமே தவிர, அந்தக் கொத்தைச் சுருக்குவதில்லை. வழி ஒன்று உண்டு. ஒளிபட்டால் வேலை செய்யும் மருந்தை இரத்தத்தில் ஏற்றி, அது கொத்தில் போய்ச் சேர்ந்ததும் அந்த இடத்தில் மட்டும் லேசர் ஒளியைப் பாய்ச்சுவது. இரண்டு நாள் கழித்து ஊசியும் சேர்த்துப் போடுவது. கொத்து சுருங்கலாம். அரிதாகச் சிலருக்குப் பார்வை இன்னும் குறைவதும் உண்டு.

"கேரண்டி?"

"இல்லை."

"சும்மா உட்டா?"

"எடக்கண்ணு எப்படி இருக்கு?"

கிட்டுசாமி எழுந்து அறையில் இரண்டு முறை நடந்தார். மூன்றாம் முறை நடக்க முற்பட்டு, நாற்காலியில் இடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வரோணுமுங்க?"

திங்கட்கிழமை மருந்து ஏறியது. கடிகாரம் பதினைந்தாம் நிமிடத்தைத் தொட்டதும் முகவாயைத் தாங்கியில் பொருத்தி, விழிமேல் ஒரு வில்லையை ஒட்டினார்கள். எண்பத்து மூன்று நொடி அசையக் கூடாது. அந்த மனிதர் எண்பத்து மூன்று நொடி ஓரிடத்தில் இருந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"எதைப் பாக்கறதுங்க? நடுவுல ஒண்ணுமே தெரியலீங்களே."

"தெரியாத அந்த எடத்தையே பாருங்க. அதை உட்டு நகராதீங்க."

இத்தனை நாளும் அவர் அந்த இடத்தைத் தவிர்த்தே பார்த்துக்கொண்டிருந்தார்: தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் சுற்றி. இப்போது நேராக அதற்குள் பார்த்தார். கலங்கல் நகர்ந்தது, பிடித்தார். மங்கிய சிவப்பு ஒன்று அதன்மேல் வந்து நின்றது. கால்விரல்கள் செருப்புக்குள் துடித்தன. தொடையில் யாரோ எறும்பு விட்டதுபோல் இருந்தது. டாக்டரம்மா எண்ணிக்கொண்டிருந்தார்; அறுபதில் கிட்டுசாமிக்குக் கண்ணீர் பெருகியது; எழுபதில் மூச்சை நிறுத்தினார்.

"முடிஞ்சதுங்க. அசையவே இல்லையே நீங்க!"

"அசைஞ்சா எங்க போறதுங்க" என்றார் கிட்டுசாமி.

ஐந்து நாள் வெயில் படக் கூடாது. சன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிய வீட்டில் அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்த நடையில், "நடந்தே பல்லடம் போயிட்டு வந்திருக்கலாம்" என்று இந்துமதி சொன்னாள். நோட்டில் இப்போது அவர் பாஸ் என்று எழுதுவதில்லை. வளைவை மட்டும் எழுதினார், ஒரு நாளைக்கு இரண்டு முறை. இரண்டாம் வாரம் வளைவு கூடியது. கோவைக்கு ஓடினார்கள். "பொறுங்க, சில பேருக்கு இப்படித்தான் ஏறி எறங்கும்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆறாம் வாரப் படத்தில் கொத்து சுருங்கியிருந்தது. நீர் முக்கால்பங்கு வற்றியிருந்தது. எழுத்துப் பலகையில் இதற்குள் இழந்திருந்த கீழ்வரிகள் இரண்டும் திரும்பவில்லை.

"நின்னிருக்கு" என்றார் டாக்டரம்மா. "போயிருச்சுன்னு நான் சொல்லலை. மறுபடி வரும். வந்தா அன்னிக்கே வரணும்."

காரில் ஏறியதும் இந்துமதி சாவியைத் திருகாமல் அவர் பக்கம் திரும்பினாள்.  கிட்டுசாமி அவளை நேராகப் பார்த்தார். வாயும் மூக்கும் இருந்தன, சற்றே கலங்கலாக, அவை இருக்க வேண்டிய இடத்திலேயே.

"உன்ற பொட்டு ஒருபக்கமா எறங்கியிருக்குது கண்ணு."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது.