நான்கு பக்கமும் சுவர்

தச்சர் அப்பாவின் சவப்பெட்டி மூடியில் திருகாணியை முறுக்கத் தொடங்கியபோது பெரியப்பா மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் போர்வையில் சுற்றிய படம்.

"அதுக்குள்ள மூடிட்டீங்களா?"

"நேரமாச்சு, பெரியப்பா" என்றாள் மகள். நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கார் தெருமுனையில் திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் மூடச் சொல்லியிருந்தாள்.

பெரியப்பா போர்வையை உருவிப் படத்தை அப்பாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்தார். அவர்கள் ஊர்தான். மலை ஒரு முக்கோணம், வயல்கள் சாய்ந்த சதுரங்கள், வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிய கட்டங்கள். அப்பாவுக்கு எந்த வீட்டையும் வாசலில் நின்று மட்டும் பார்த்தால் போதாது. சுற்றி வந்து, முன்புறம் பின்புறம் பக்கவாட்டு எல்லாவற்றையும் படத்தில் ஒன்றாக விரித்து வைத்துவிடுவார். பெரியப்பா டவுனில் வீடு கட்டியபோது ஊர்ப் படம் வேண்டுமென்று கேட்டார். அப்பா மறுபேச்சில்லாமல் வரைந்து கொடுத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் தம்பி எனக்காகவே போட்டது" என்று பெரியப்பா பீற்றிக்கொள்வார். தலைகீழாக மாட்டியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"மூடியை ஒரு நிமிஷம் திறக்கச் சொல்லும்மா. முகத்த மட்டும் பாத்துக்கறேன்."

இதையேதான் அப்பாவும் கேட்டார், இந்தப் படம் போடுவதற்கு முன்பு, ஊர் வீட்டு வாசலில். உள்ளே அவருடைய அம்மாவின் உடல் கிடந்தது. வயலை விட்டுப் படம் போடப் போனவனுக்கு இங்கே என்ன வேலை என்று அண்ணனான இந்தப் பெரியப்பாதான் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். எடுத்துக்கொண்டு போகும்வரை திறக்கவில்லை.

"திறக்கச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, இதுல நம்ம ஊர் வீடு எதுன்னு காட்டுங்க."

"இதென்ன கேள்வி? இதோ, மஞ்சள் சுவரு."

"அதுக்குக் கதவு எங்க இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே விரலை வைத்தார். முன்சுவரில் ஜன்னல் இருந்தது. விரல் பக்கச்சுவருக்குப் போனது, பின்சுவருக்குப் போனது, மறுபடி முன்னால் வந்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் கறுப்பாக ஒரு கதவு இருந்தது. மாட்டுக்கொட்டகைக்குக்கூட இருந்தது. மஞ்சள் வீட்டுக்கு நான்கு பக்கமும் சுவர்தான்.

"அவன் அதை மறக்கவே இல்லையா?"

"இல்ல, பெரியப்பா."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதைப் பார்க்க அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

பெரியப்பா விரலை எடுக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"ஒரு பென்சில் குடும்மா. நானே ஒரு கதவு போட்டுடறேன்."

தச்சரின் கை தன் காதில் செருகியிருந்த பென்சிலுக்குப் போனது.

"அது வேணாம்ண்ணே" என்றாள். "அப்பா படத்துல அப்பா பென்சில்தான் படணும். காலையில நான்தான் அத அவர் சட்டைப் பையில வச்சேன்."

பெரியப்பா மூடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்க முறுக்குங்க" என்றாள் தச்சரிடம்.

பெரியப்பாவின் விரல் இன்னும் மஞ்சள் சுவரிலேயே இருந்தது. தச்சர் கடைசித் திருகாணியை முறுக்கி, மரத்தோடு மட்டமாக இறங்கிவிட்டதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.